தலையணைக்கு அடியில் ஒரு டப்பா

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை நோயாளர்களுக்கு நற்கருணை கொண்டு செல்வது நம் பங்குகளில் நெடுநாளைய வழக்கம். அப்படி ஒரு வீட்டிற்கு நாம் சென்றிருந்தபோது, நற்கருணை பெற்ற 65 வயதுத் தாய் ஒருவர் எழுந்து உட்கார முயன்றார். தலையணை நகர்ந்தது. அதன் அடியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. உள்ளே திரிபலா சூரணம், சுக்கு, நறுக்கிய அதிமதுரக் குச்சிகள். மேசையின் மேலோ, மெழுகுதிரிக்குப் பக்கத்தில், இதயம் பலவீனமானவர்களுக்குக் கொடுக்கப்படும் டிஜாக்சின் மாத்திரையும், உடம்பில் தங்கும் நீரை வெளியேற்றும் மாத்திரையும், இரத்த அழுத்த மாத்திரையும் இருந்தன. மேசைமேல் இருப்பது டாக்டருக்குத் தெரியும். டப்பாவில் இருப்பது தெரியாது. அந்தத் தாய் நம் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி, டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க, திட்டுவாரு" என்று மெல்லச் சொன்னார்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. ஆனால் இது பாவசங்கீர்த்தனம் அல்லவே! இந்த மறைத்தலைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறோம்.

நாட்டு மருந்தைப் பழித்துப் பேசுவது நம் நோக்கமல்ல. நாமும் கஷாயம் குடித்து வளர்ந்தவர்கள்தாம். 2012இல் டெங்கு பரவியபோது தமிழக அரசே நிலவேம்புக் குடிநீர் வழங்கியது. 2020இல் கொரோனா காலத்தில் தெருத்தெருவாகக் கபசுரக் குடிநீர் கொடுத்தார்கள். பல அரசு மருத்துவமனைகளில் ஆங்கில மருத்துவப் பிரிவுக்கு அருகிலேயே சித்தப் பிரிவும் இயங்குகிறது. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி உள்ளது. எனவே நம் மக்கள் இரண்டையும் பயன்படுத்துவார்கள் என்பது உறுதி. ஒன்று மற்றொன்றைக் கெடுக்காமல் எப்படிப் பயன்படுத்துவது என்பதே கேள்வி.

விவிலியத்தில் சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். நோயுற்றவன் மன்றாட வேண்டும் என்பதும், மருத்துவரை மதிக்க வேண்டும் என்பதும், மண்ணிலிருந்து மருந்து வருகிறது என்பதும் அங்கே அடுத்தடுத்து வருகின்றன. ஒன்றைக் காட்டி மற்றொன்றை ஆசிரியர் தள்ளவில்லை. (இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. இரத்தப்போக்கினால் வருந்திய பெண் மருத்துவர் பலரிடம் போய்த் துன்பப்பட்டு, நிலைமை இன்னும் மோசமானது என்று மாற்கு எழுதுகிறார். மருத்துவர் என்று மரபு சொல்லும் லூக்காவோ, எவராலும் குணமாக்க இயலவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். தொழில் பாசம் போலும்!)

"இது இயற்கை மருந்து, பக்கவிளைவு கிடையாது" என்ற சொல்லை நாம் அடிக்கடி கேட்கிறோம். நம் கல்லறைத் தோட்டத்திற்குப் போனால் யாரும் நீர் ஊற்றாமலே பூத்து நிற்கும் நித்தியகல்யாணியைக் காணலாம். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் வின்கிரிஸ்டின் அந்தச் செடியிலிருந்தே கிடைக்கிறது. வின்கிரிஸ்டின் எவ்வளவு கடுமையான மருந்து என்பது அதைப் பெற்ற பிள்ளையின் பெற்றோருக்குத் தெரியும். நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952இல் பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின், உலகெங்கும் இரத்த அழுத்த மருந்தாகப் பயன்பட்டது. மனச்சோர்வு உள்ளிட்ட பக்கவிளைவுகளால் பின்னர் அதன் பயன்பாடு குறைந்தது. ஆகவே குணமாக்கும் வலிமை ஒரு செடிக்கு உண்டு என்று நம்பினால், கெடுக்கும் வலிமையும் அதற்கு உண்டு என்று ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஒன்றுமே செய்யாத பொருளுக்குத்தான் பக்கவிளைவு இராது.

இரண்டு மருந்துகள் உடம்புக்குள் எப்படி மோதுகின்றன? ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். தராசு ஒன்றே, வரிசையோ நீளம். நாம் விழுங்கும் மருந்துகளில் பெரும்பாலானவை கல்லீரல் என்னும் அந்தத் தராசைக் கடந்துதான் உடைந்து வெளியேற வேண்டும். ஒரு மூலிகை தராசை அடைத்துக்கொண்டால், அடுத்து நிற்கும் மாத்திரை உடையாமல் இரத்தத்தில் தேங்கும். ஒரு மாத்திரை போட்டாலும் இரண்டு போட்டது போல் ஆகும். வேறொரு மூலிகை தராசை இரட்டை வேகத்தில் ஓட வைத்தால், மாத்திரை வேலை செய்யுமுன்பே வெளியேறிவிடும்.

இரண்டிற்கும் எடுத்துக்காட்டு உண்டு. பெங்களூரு புனித யோவான் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1998இல் வெளியான ஓர் ஆய்வில், மஞ்சளில் உள்ள குர்க்குமினோடு மிளகில் உள்ள பைப்பரினைச் சிறிதளவு சேர்த்துக் கொடுத்தபோது, குர்க்குமின் இரத்தத்தில் சேரும் அளவு 2000 விழுக்காடு உயர்ந்தது. நம் பாட்டிமார் மஞ்சளையும் மிளகையும் சேர்த்ததில் அறிவு இருந்தது என்று மகிழலாம். ஆனால் அதே பைப்பரின், வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயின் போன்ற மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் உயர்த்தக்கூடியது. மிளகு ரசத்தால் எவருக்கும் ஒன்றும் ஆகிவிடாது, அஞ்ச வேண்டாம். மஞ்சள் சத்தையும் மிளகுச் சத்தையும் செறிவாக்கி அடைத்து விற்கும் மாத்திரைகளைப் பற்றியே சொல்லுகிறோம். இத்தகைய மஞ்சள் மாத்திரைகளை உண்டவர்களில் பலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதாக 2019இல் இத்தாலியில் கண்டறிந்தார்கள். சமையலறை அளவு வேறு, மாத்திரை அளவு வேறு.

மறுபக்கத்து எடுத்துக்காட்டு, திருமுழுக்கு யோவானின் பெயரைத் தாங்கிய ஒரு மஞ்சள் பூச்செடி. அவரது பிறப்பு விழாவான ஜூன் 24ஐ ஒட்டி ஐரோப்பாவில் பூப்பதால் அதற்குச் 'செயின்ட் ஜான்ஸ் வார்ட்' என்று பெயர். மனச்சோர்வுக்கு அதை உண்பார்கள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் இங்கே வாங்கி அனுப்புவதும் உண்டு. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இதய மாற்று அறுவை செய்துகொண்ட இருவர் அதை உண்டபோது, மாற்று இதயத்தை உடல் தள்ளிவிடாமல் காக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு இரத்தத்தில் சரிந்தது. உடல் அந்த இதயத்தை நிராகரிக்கத் தொடங்கியது. செடியை நிறுத்தியதும் மருந்தின் அளவு மீண்டது. 2000இல் இது மருத்துவ இதழில் வெளியானது. எச்.ஐ.வி. மருந்துகள், கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின் ஆகியவற்றையும் அச்செடி இவ்வாறே வலுவிழக்கச் செய்யும்.

தராசில் மோதாமல், ஒரே வேலையை இரண்டும் சேர்ந்து செய்வதாலும் ஆபத்து வரும். சர்க்கரை நோய்க்கு கிளிமிபிரைடு போன்ற மாத்திரை போடுகிறவர், கூடவே வெந்தயப் பொடி, பாகற்காய்ச் சாறு, சிறுகுறிஞ்சான் என்று தொடங்கினால், சர்க்கரை தேவைக்கு மேல் இறங்கிவிடக்கூடும். வியர்வை, கைநடுக்கம், குழப்பம், பின்பு மயக்கம். "சர்க்கரை இறங்கினால் நல்லதுதானே" என்பார்கள். 70க்குக் கீழே இறங்கினால் நல்லதல்ல. இதய வால்வு மாற்றியவர்கள் இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிட்டு, மாதந்தோறும் இரத்தப் பரிசோதனை செய்துவருவார்கள். பூண்டு, இஞ்சிச் சத்து மாத்திரைகள் அவர்களுக்கு இரத்தக் கசிவை மிகுதியாக்கலாம். முருங்கைக்கீரை போன்ற கீரைகளில் உள்ள வைட்டமின் கே நேர்மாறாக அம்மருந்தின் வலிமையைக் குறைக்கும். கீரையை விட்டுவிட வேண்டியதில்லை; ஒரு வாரம் தினமும், மறுவாரம் அறவே இல்லை என்று மாறி மாறி உண்ணாமல், ஒரே அளவாக உண்ண வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள், மூலிகை மாத்திரை எதை உண்டாலும் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகவே மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இளநீரும், சத்தென்று குடிக்கும் சில சாறுகளும்கூட ஆபத்தாகலாம். அவற்றில் பொட்டாசியம் மிகுதி. பழுதான சிறுநீரகம் அதை வெளியேற்றாது. பொட்டாசியம் மிகுந்தால் இதயம் நின்றுவிடக்கூடும்.

சில செடிகளை எதோடும் சேர்க்காமலே தவிர்க்க வேண்டியுள்ளது. ஆடுதின்னாப்பாளை, ஈசுவரமூலி ஆகியவற்றை நம் ஊர்களில் குடற்புழுவுக்கும் விஷக்கடிக்கும் கொடுப்பதுண்டு. இவை சேர்ந்த செடிக் குடும்பத்தில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்னும் பொருள் உள்ளது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் உடல் மெலியச் சீன மூலிகை உண்ட பெண்களில் 100க்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பாழானது. பின்னர் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அங்கே நேர்ந்தது என்ன? ஒரு மூலிகைக்குப் பதிலாக, பெயர் ஒத்த வேறொரு மூலிகை மூட்டையில் வந்துவிட்டது. அதில் இந்த அமிலம் இருந்தது. பாம்பு கடித்தவருக்கு எந்த வேரையும் அரைத்துக் கொடுத்து நேரத்தைக் கடத்த வேண்டாம். விஷமுறிவு ஊசி உள்ள மருத்துவமனைக்கே செல்லுங்கள்.

பற்பம், செந்தூரம் ஆகியவை உலோகங்களைப் புடமிட்டுச் செய்பவை. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது, 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்ததாக 2004இல் ஓர் ஆய்வு வெளியானது. முறையாகப் பட்டம் பெற்றுப் பதிவு செய்த சித்த மருத்துவர் சொல்லாமல் இவற்றைத் தொடவே வேண்டாம். மூட்டு வலிக்கும் ஆஸ்துமாவுக்கும் பொட்டலத்தில் மடித்துக் கொடுக்கும் பெயரில்லாப் பொடி இரண்டே நாளில் அற்புதமாக வேலை செய்கிறதா? மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு கலந்த பொடிகள் பல இடங்களில் பிடிபட்டிருக்கின்றன. அதை மாதக்கணக்கில் உண்டவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து என்பதால், அப்போதும் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் இரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. இதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராசன் அவர்களும், ஹெப்படைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க் அவர்களும் இணைந்து சோதித்தார்கள். 1988இல் வெளியான அந்த ஆய்வில், கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெறும் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அடுத்தடுத்து மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. நம் ஊரில் பரவலாக வரும், தண்ணீரால் பரவும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். எது கொடுத்தாலும் அதனால் குணமானது போல் தோன்றுவது இதனால்தான். பித்தக் கல், புற்றுக்கட்டி, ஹெப்படைட்டிஸ் பி ஆகியவற்றால் வரும் காமாலை அப்படித் தானே தணிந்துவிடும் என்று நம்பி இருந்துவிட முடியாது. காசநோய் மாத்திரை சாப்பிட்டு வருகிறவருக்குக் கண் மஞ்சளானால், அந்த மாத்திரையே கல்லீரலைத் தாக்கியிருக்கலாம். ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

புற்றுநோயைப் பற்றிச் சொல்லும்போது நம் மனம் கனக்கிறது. அடக்கத் திருப்பலிகளில் "முதலிலேயே ஆபரேஷன் செய்திருக்கலாம் ஃபாதர்" என்ற சொல்லை நாம் பலமுறை கேட்டுவிட்டோம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டார்கள். பரவாத நிலையிலிருந்த புற்றுநோய்க்கு மாற்று மருத்துவத்தை மட்டுமே நாடிய 281 பேரை, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு முதல் ஆய்வு ஒப்பிட்டது. இறக்கும் வாய்ப்பு அவர்களுக்கு இரண்டரை மடங்கு; மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்கிற்கும் மேல். இரண்டாவது ஆய்வே நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது. அதிலிருந்தவர்கள் மருத்துவமனைச் சிகிச்சையையும் துணைச் சிகிச்சையையும் 'சேர்த்தே' எடுத்தவர்கள். அவர்களுக்கும் இறக்கும் வாய்ப்பு இரு மடங்கு இருந்தது. மூலிகை விஷமாகியதா? அப்படியல்ல. அவர்களில் 34 விழுக்காட்டினர் கீமோதெரபியை மறுத்திருந்தார்கள். மற்றவர்களில் 3 விழுக்காட்டினரே மறுத்தார்கள். கதிர்வீச்சை மறுத்தவர்கள் 53 விழுக்காடு. மற்றவர்களில் 2 விழுக்காடு. சிகிச்சையை மறுத்ததைக் கணக்கில் எடுத்தபோது அந்த வேறுபாடு மறைந்தது. அதாவது, 'கூடவே' என்று தொடங்கியது 'பதிலாக' என்று மெல்ல நழுவியதே உயிரைக் குடித்தது.

இந்த நழுவலில் நம் போன்றோருக்கும் பங்கு உண்டு என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் குணமளிக்கும் தியானம் ஒன்றிற்குச் சென்று திரும்பிய இளைஞன் ஒருவன், விசுவாசத்தைக் காட்டுவதாக எண்ணி வலிப்பு மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டான். மேடையில் எவரும் நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தாதே என்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் தொடர் வலிப்பு வந்து தீவிரச் சிகிச்சைப் பிரிவில் கிடந்தான். அவனுக்கு நோயில்பூசுதல் அளித்துவிட்டு வெளியே வந்தபோது, அவன் தாயின் முகத்தைப் பார்க்க நமக்குத் துணிவில்லை. பிழைத்துக்கொண்டான், இறைவனுக்கு நன்றி. அதிலிருந்து நாம் நடத்தும் ஒவ்வொரு செபக் கூட்டத்திலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிடுகிறோம்.

இதோடு ஒரு சிறு விளக்கம். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர நோன்பு என்பதற்காகக் காலை மாத்திரையைத் தள்ளிப்போடும் பெரியவர்கள் பலர் உள்ளனர். தண்ணீரும் மருந்தும் அந்த நோன்பை முறிப்பதில்லை. திருச்சபைச் சட்டமே அப்படித்தான் கூறுகிறது. வயது முதிர்ந்தோரும் நோயுற்றோரும் ஏதேனும் உண்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுப் பெரிய வெள்ளியன்று பட்டினி கிடப்பவர்கள், முன்னதாகவே தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

துணை மருத்துவத்தில் பயன்தருபவையும் உண்டு. கீமோதெரபிக்குப் பின் வரும் குமட்டலுக்கு அக்குபங்சர் உதவும் என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு 1997லேயே கூறியது. மூச்சுப் பயிற்சியும் இதமான எண்ணெய்த் தேய்ப்பும் மன அழுத்தத்தையும் வலியையும் குறைக்கும். ஆனால் காலில் இரத்தம் உறைந்து வீங்கியிருக்கும்போது தேய்க்கக் கூடாது. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டபின் விரல்கள் மரத்துப்போனாலோ, நீலம் பாரித்தாலோ, வலி தாங்க முடியாமல் ஏறினாலோ, கட்டியவர் என்ன சொன்னாலும் கட்டை உடனே அவிழ்த்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

டாக்டர் திட்டுவார் என்ற அச்சம் நமக்குப் புரிகிறது. கூட்டத்தில் மூன்று நிமிடம் கிடைக்கும்; அதில் எதைச் சொல்வது? டப்பாவையே எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்துவிடுவது எளிது. "இதையும் சாப்பிடுகிறேன் டாக்டர், மாத்திரையோடு ஒத்துக்கொள்ளுமா?" என்ற ஒரு வரி போதும். சித்த வைத்தியரிடம் போகும்போதும் மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள். கடையில் வாங்குவதில் உரிம எண், சேர்ந்துள்ள பொருள்கள், காலாவதி நாள் ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று புதிய மருந்துகளைத் தொடங்கினால், தொல்லை வரும்போது எது காரணம் என்று தெரியாது. இசப்கோல் போன்றவை மாத்திரையை உறிஞ்சவிடாமல் தடுக்கும் என்பதால் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். கருவுற்ற தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

அந்தத் தாயின் கதைக்கு வருவோம். இருமலுக்கு இதமாக இருக்கிறதென்று அவர் இரண்டு மாதமாக அதிமதுரத்தைத் தினமும் மென்றும் கஷாயமிட்டும் உண்டு வந்திருக்கிறார். அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் உடம்பில் உப்பைத் தங்க வைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றும். அதனால் இரத்த அழுத்தம் ஏறியது. காரணம் தெரியாத டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், இருமுறை. நீர் பிரியும் மாத்திரையும் பொட்டாசியத்தை வெளியேற்றக்கூடியது. பொட்டாசியம் குறைந்தால் டிஜாக்சின் நஞ்சாக மாறி இதயத் துடிப்பைக் குலைக்கும். அவருக்கு அந்த வாரம் வந்த குமட்டலும் படபடப்பும் எதனால் என்று அப்போது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. "அது இனிப்புதானே சாமி" என்றார்.

சொல்லக் கூடாது என்றவரை, தாமாகவே சொல்லும்படி செய்ய நமக்கு அரைமணி நேரம் பிடித்தது. மறுநாளே மகன் டப்பாவோடு அழைத்துச் சென்றான். இரத்தத்தில் பொட்டாசியம் 2.8 இருந்தது, 3.5க்குக் கீழே போகக் கூடாதாம். டாக்டர் திட்டவில்லை. அதிமதுரத்தை மட்டும் எடுத்துவிட்டு, சுக்கை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள், திரிபலாவை வயிற்றோட்டம் இல்லாத அளவுக்குக் குறையுங்கள் என்றாராம். சில வாரங்களில் இரத்த அழுத்த மாத்திரையும் பழைய அளவுக்கு வந்தது. அடுத்த மாத முதல் வெள்ளியன்று நாம் சென்றபோது, அந்தப் பிஸ்கட் டப்பா மேசையின் மேல், மற்ற மாத்திரைகளோடு சேர்ந்து இருந்தது. மூடியில் பேத்தி ஒரு தாள் ஒட்டி, உள்ளே இருப்பவற்றின் பெயர்களை எழுதி வைத்திருந்தாள்.